நூற்று இருபத்தொன்றின் மதிப்பெண்

அந்தப் பயிற்சிப் பள்ளியில் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் தசமம். சராசரி எழுதினால் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போடாமல் அவர் கை நிற்காது. அறுபத்தெட்டு என்று சொன்னால் போதாது, அறுபத்தெட்டு புள்ளி இரண்டு ஐந்து என்று எழுதினால்தான் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கும். பாடம் எடுப்பவர் இல்லை. மதிப்பெண் பிரிவு என்று பலகை மாட்டிய அறையில் ஒரு கணினி, விடைத்தாளைப் படிக்கிற ஒரு இயந்திரம், அவர். அவ்வளவுதான். இருந்தாலும் பாடம் எடுக்கிறவர்களைவிட இவரைக் கண்டால்தான் பிள்ளைகளுக்கு உதறல். ஆசிரியர் திட்டினால் ஒரு மணி நேரத்தில் மறந்துபோகும். இவர் எழுதினால் ஒரு பருவம் முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும்.

"மனுஷன் பொய் சொல்லுவான், மார்க் சொல்லாது" என்று பெற்றோரிடம் சொல்வதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம். பதினோரு வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பெருமைப்பட மனுஷனுக்கு வேறு என்ன இருந்தது?

பெரிய கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்பும் தனியார் பள்ளி அது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். பருவம் தொடங்கி மூன்றாம் வாரம் இருநூறு மதிப்பெண்ணுக்கு ஒரு பிரிப்புத் தேர்வு வைப்பார்கள். முதல் அறுபது பேர் முதல் ஹால், அடுத்த எழுபது பேர் இரண்டாம் ஹால், மிச்சம் இருப்பவர்கள் மூன்றாம் ஹால். முதல் ஹாலுக்குக் கீழ்த்தளம், கைதேர்ந்த ஆசிரியர்கள். மூன்றாம் ஹால் மொட்டைமாடியில், தகரக் கூரைக்கு அடியில். அங்கே பாடம் எடுக்கப் போகிறவர்கள் "இது உங்களுக்கு வேண்டாம், விடுங்க" என்று சொல்லிப் புத்தகத்தில் பாதிப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் மூன்று ஹாலுக்கும் ஒரே வினாத்தாளில் வாரத் தேர்வு.

வருகைப் பதிவின்போது பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்லக் கூடாது. கடைசித் தேர்வில் எத்தனையாவது இடமோ, அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். முதல்வரம்மா கொண்டுவந்த வழக்கம் இது. தன் நிலையைத் தன் வாயால் தினமும் சொன்னால்தான் பிள்ளைக்கு உறைக்குமாம். உறைக்கத்தான் செய்தது.

அவருடைய தங்கை மகள் இந்தப் பள்ளியில் சேர்ந்தது அவர் பிடித்த பிடியால்தான். தங்கை ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், புருஷனுக்கு வேறு ஊரில் வேலை. "பொண்ணுக்குக் கணக்கு நல்லா வருது, இங்க சேத்துடு, நான் இருக்கேன்" என்று அண்ணன் சொன்ன ஒரு வார்த்தைக்காகச் சேர்த்தாள். அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயது. கணக்குப் போடும்போது வாய் சும்மா இருக்காது, ஒவ்வொரு படியையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போவாள். வீட்டில் அவளை முணுமுணு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளியில் அவள் வரிசை எண் நூற்று இருபத்தொன்று.

பிரிப்புத் தேர்வு எழுதிவிட்டு வந்தவள் தசமத்தின் அறை வாசலில் நின்று, "மாமா, நாலே நாலு கேள்விதான் சந்தேகம், மத்ததெல்லாம் பிச்சு உதறிட்டேன்" என்று சிரித்தாள். மறுநாள் பட்டியல் ஒட்டினார்கள். நூற்று இருபத்தொன்றுக்கு நேராக ஐம்பத்தெட்டு என்று இருந்தது. இருநூற்றுக்கு ஐம்பத்தெட்டு. நூற்று எண்பத்தொன்பதாவது இடம். மூன்றாம் ஹால்.

அவர் அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போனார். ஆறுதல் சொல்லப் போகவில்லை, கேள்வி கேட்கப் போனார்.

"பிச்சு உதறிட்டேன்னு சொன்னியே, எதப் பிச்ச?"

"நான் நல்லாத்தான் எழுதினேன் மாமா. சத்தியமா. என் பேப்பர ஒரு தடவ எடுத்துப் பாருங்களேன்."

தங்கையும் குறுக்கே வந்தாள். "மறுபார்வைக்குன்னு ஒரு படிவம் இருக்காமே அண்ணா, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"போடாத. மதிப்பெண் பிரிவுல மாமன் இருக்கான், அதான் மார்க்க ஏத்துறாங்கன்னு நாலு பேர் பேசுவாங்க. என் பேர் என்னாகும்?" என்றார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, அந்தப் பதினோரு வருஷத்து வாக்கியத்தை அவளுக்கும் சொன்னார். மனுஷன் பொய் சொல்லுவான், மார்க் சொல்லாது.

 அவள் உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் ஹாலுக்குப் போன முதல் வாரம் நூற்று முப்பத்தொன்று வாங்கினாள். அடுத்த வாரம் நூற்றுப் பதினேழு. அதற்குப் பிறகு தொண்ணூற்றெட்டு, எண்பத்து நான்கு, எழுபத்தொன்பது, எழுபத்தொன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த எண்களைத் தட்டி உள்ளே போட்டவர் அவர்தான். இறங்குகிற எண்ணைப் பார்க்கும்போது மனசு கனத்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே. கூடவே ஒரு ஓரத்தில், பார்த்தியா, அந்த ஐம்பத்தெட்டு சரியாகத்தான் இருந்திருக்கிறது என்ற நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிக்காகவே அவரை நாலு வார்த்தை கேட்கலாம். பின்னால் அவரே தன்னை நாற்பது வார்த்தை கேட்டுக்கொண்டார்.

ஹால் பிரித்த ஏழாவது வாரம் வருகைச் சராசரி போடுவதற்காக விடுப்புக் கடிதங்கள் ஒரு கட்டாக அவர் மேசைக்கு வந்தன. காய்ச்சல், வயிற்றுவலி, உறவினர் கல்யாணம். நடுவில் ஒன்று நூற்றுப் பதினேழாம் எண் பையனுடையது. கண்வலி, இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டுவிட்டது, மூன்று நாள் விடுப்பு. தேதியைப் பார்த்தார். பிரிப்புத் தேர்வு நடந்த நாள். பட்டியலைத் திறந்து பார்த்தார். கண்ணைத் திறக்க முடியாமல் வீட்டில் படுத்திருந்தவன் தேர்வில் நூற்று நாற்பத்தொன்பது வாங்கியிருந்தான்.

பயல் வாயே திறக்கவில்லை. எவன் திறப்பான்?

 தசமம் இயந்திரம் கொடுத்த மூலப் பட்டியலைத் தேடி எடுத்தார். தேர்வுக்கு வராதவனுக்கு அதில் வரி இருக்காது. நூற்றுப் பதினாறுக்கு அடுத்து நேராக நூற்றுப் பதினெட்டு என்று போகும். அந்த இடத்தில் இவர் ஒரு வரி சேர்த்து 'வரவில்லை' என்று போட வேண்டும். வழக்கமாக அவர் மொத்தத்தைத்தான் சரிபார்ப்பார். முதல் எண் சரியா, கடைசி எண் சரியா, மொத்தம் இருநூற்றுப் பதினான்கா, சரி. பிறகு மதிப்பெண்களை மட்டும் அப்படியே அள்ளிக்கொண்டு போய்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் வைப்பார். அன்றைக்கும் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு இருந்தது. ஏனென்றால் நூற்று இருபத்தாறாம் எண்ணின் தாள் இயந்திரத்தில் சிக்கி, அதை இழுத்து மறுபடி விட்டதில் இரண்டு முறை பதிவாகியிருந்தது. குறைந்த ஒன்றைக் கூடின ஒன்று மறைத்துவிட்டது. நடுவில் இருந்த ஒன்பது பேருக்கும் தனக்கு அடுத்தவரின் மதிப்பெண்.

ஐம்பத்தெட்டு நூற்று இருபத்திரண்டாம் எண்ணினுடையது. நூற்று இருபத்தொன்றாம் எண் வாங்கியது நூற்று எண்பத்திரண்டு. பதினோராவது இடம். அந்த மதிப்பெண் அவளுக்கு முன் எண்காரியான நூற்று இருபதின் பெயருக்கு நேராகப் போய் உட்கார்ந்துகொண்டு, அந்த நூற்று இருபதை முதல் ஹாலுக்கு அனுப்பிவைத்திருந்தது.

பழைய தாள்கள் வைத்திருக்கும் அறைக்குப் போய்க் கட்டை அவிழ்த்தார். நூற்று இருபத்தொன்றின் விடைத்தாள் கையில் வந்தது. வட்டங்களை எவ்வளவு அழகாக, விளிம்பு தாண்டாமல் கறுப்பாக்கியிருந்தாள். மேலே அவள் கையெழுத்து. அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்து மூன்று வயது மனுஷன், தூசிக்கு நடுவே, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். படிவத்தில் கையெழுத்துப் போடாதே என்று சொன்னது அவர்தானே. வேறு யாராவது தடுத்திருந்தால் அவர்களையாவது ஏசியிருக்கலாம்.

முதல்வரம்மா கெட்டவர் இல்லை. கத்துகிறவரும் இல்லை. மறுநாள் தசமம் போய்ச் சொன்னதை முழுக்கக் கேட்டார், இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுக்கப்புறம் வச்ச ஆறு தேர்வும் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு மேடம். ராத்திரியெல்லாம் உக்காந்து ஒவ்வொரு தாளா பாத்துட்டேன்."

"நூத்தி இருபது இப்ப எவ்வளவு வாங்குறா?"

அவருக்குப் பார்க்காமலேயே தெரியும். "போன வாரம் நூத்தி அறுபத்தி மூணு."

"முதல் வாரம்?"

"தொண்ணூத்தி அஞ்சு."

"நூத்தி இருபத்தொண்ணு?"

"எழுபத்தொண்ணு." அவர் ஒரு அடி முன்னால் வந்தார். "ஆனா மேடம், மூணாம் ஹால்ல பாதிப் பாடம் நடத்தவே இல்ல. நடத்தாத பாடத்துல அவ எப்படி மார்க் வாங்குவா?"

"அவங்களால புரிஞ்சுக்க முடியும்னா நடத்தியிருப்பாங்களே" என்றார் முதல்வரம்மா. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. "நீங்களே சொல்லுங்க. இப்ப நம்ம கையில இருக்கிற மார்க்குல என்ன தப்பு? ரெண்டு பேரும் அவங்கவங்க இடத்துலதான இருக்காங்க? இத வெளிய சொன்னா இருநூறு பேரும் தாளத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. நுழைவுத் தேர்வுக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு."

தசமம் மேசையிலிருந்த பட்டியல்களையே பார்த்தார். தான் பதினோரு வருஷமாகச் சொன்னதைத்தான் இந்த அம்மா திருப்பிச் சொல்கிறார். எப்படி மறுப்பது?

அவர் நின்ற கோலத்தைப் பார்த்து முதல்வரம்மாவுக்கே மனசு இளகியிருக்க வேண்டும். "சரி. இந்த சனிக்கிழமை அவ நூத்தி நாப்பது மார்க் எடுக்கட்டும். திங்கட்கிழமையே கீழ வந்து உக்காரட்டும், நான் பாத்துக்கிறேன். ஆனா ஏன்னு அவளுக்கும் தெரியக் கூடாது, வேற யாருக்கும் தெரியக் கூடாது."

நூற்று எண்பத்திரண்டு வாங்கியவளுக்கு நூற்று நாற்பது என்ன பெரிய காரியம்! அப்படித்தான் அவர் நினைத்தார். மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக இறங்கினார். முதல் ஹால் பிள்ளை ஒருவனிடம் ஏழு வாரக் குறிப்புகளையும் வாங்கி, நகல் எடுத்து, அன்றைக்கே தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"இதப் படி. சனிக்கிழமை நூத்தி நாப்பது எடு. முதல் ஹால்ல இடம் தரேன்னு சொல்லியிருக்காங்க."

அவள் அந்தக் கட்டைத் தொடவில்லை. "யாரு சொன்னா?"

"முதல்வரம்மாதான்."

"நீங்க போய்க் கெஞ்சினீங்களா மாமா?"

"கெஞ்சல. கேட்டேன்."

"எதுக்குக் கேக்கறீங்க? எல்லாரும் சிரிப்பாங்க." சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, அவருக்காகவே கட்டை எடுத்துக்கொண்டாள்.

ஐந்து நாள் படித்தாள். படித்தாள் என்றால், குறிப்பை வரிவரியாக நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். அவர் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. வாய் மட்டும் அசையவே இல்லை. அந்த முணுமுணுப்புக்காக எத்தனை தடவை திட்டியிருப்பார்கள் அந்த வீட்டில்! இப்போது ஒரு முறை, ஒரே ஒரு முறை அது கேட்காதா என்று ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளோ ஒரு கணக்கில் தடுக்கினால் பேனாவை வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். மாடியில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

சனிக்கிழமை தேர்வு முடிந்து தாள்கள் வந்ததும், வரிசை எண்ணைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக இயந்திரத்தில் விட்டார். நூற்று இருபத்தொன்று வந்தபோது திரையில் அறுபத்து நான்கு என்று காட்டியது. தாளை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டார். அறுபத்து நான்கு. இயந்திரத்தை அணைத்துப் போட்டு மறுபடி விட்டார். பிறகு சரியான விடைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வட்டமாக விரலால் தொட்டு எண்ணினார். எந்தப் பிழையும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மதிப்பெண் சரியாக இருக்கிறதே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

 முதல்வரம்மா பட்டியலில் அந்த எண்ணைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அடுத்த வேலையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பிரிப்புத் தேர்வின் வினாத்தாளையும் அவளுடைய விடைத்தாளையும் சட்டைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனார். தங்கை கடைக்குப் போயிருந்தாள். மருமகள் மட்டும் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி வந்து உக்காரும்மா. ஒண்ணு சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னார். கண்வலிக்காரன், சிக்கிக்கொண்ட தாள், ஒரு வரி நகர்ந்த கதை, எதையும் விடவில்லை. "எல்லாம் என் தப்பு. நீ கேட்டப்பவே தாள எடுத்துப் பாத்திருக்கணும். நீ பதினொண்ணாவது இடம்மா. மூணாம் ஹாலுக்கு நீ போயிருக்கவே வேண்டாம்."  அவள் அழுவாள், கத்துவாள், கையில் இருக்கிற துணியைத் தன் முகத்தில் வீசுவாள் என்று எதிர்பார்த்தார். வீசட்டும் என்றுகூட இருந்தது.

அவள் ஒரு சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"என்னத் தேத்தறதுக்காக இதெல்லாம் சொல்ல வேண்டாம் மாமா. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. என் லெவல் எனக்குத் தெரியும்."

"தேத்தறதுக்கா? இதோ பாரு, உன் தாள். உன் கையெழுத்துதான?"

அவள் எட்டிப் பார்த்தாள். கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டாள்.

அவர் வினாத்தாளை விரித்து நாற்பத்தேழாம் கேள்வியில் விரலை வைத்தார். "எழுதின இருநூத்திப் பதிமூணு பேர்ல ஆறே பேர்தான் இதச் சரியாப் போட்டாங்க. அதுல நீ ஒருத்தி. இப்ப போட்டுக் காட்டு. நீயே தெரிஞ்சுக்குவ."

பேனாவை அவள் கையில் திணித்தார். அவள் கேள்வியைப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். பேனா முனை தாளைத் தொட்டது, ஒரு புள்ளி வைத்தது, அங்கேயே நின்றது. அவர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று விட்டுவிட்டார்கள்.

"இது முதல் ஹால் கணக்கு மாமா" என்று அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்களுக்கு இது கிடையாது."

"நீ போட்டதும்மா இது! நீயே போட்டது! சரியான வட்டத்த நீதான கறுப்பாக்கியிருக்க, பாரேன்!"

அவள் விடைத்தாளைக் கையில் வாங்கி, அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளைப் போலத் தலையாட்டினாள்.

"அப்ப முன்னாடி உக்காந்திருந்தாளே, நூத்தி இருபது, அவளப் பாத்துப் போட்டிருப்பேன்."

அவர் வினாத்தாளின் பச்சை ஓரத்தைத் தட்டிக் காட்டினார். "அவளுக்கு ஆரஞ்சு வினாத்தாள், உனக்குப் பச்சை. ரெண்டுலயும் கேள்விங்க வேற வேற வரிசை. பாத்து எழுதவே முடியாதும்மா. அந்தக் கணக்க அவ தப்பாத்தான் போட்டிருக்கா. அவ தாளையும் நான் பாத்துட்டேன்."

அவள் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. முகம் சிவந்துபோயிருந்தது. விடைத்தாளை நாலாக மடித்து அவர் சட்டைப் பைக்குள் தன் கையாலேயே வைத்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்றாள் தாழ்ந்த குரலில். "நான் காப்பியடிச்சேன்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க."